சவேரியார் தங்கிச் சென்ற மலிந்தி



ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். கோட்டாற்றில் தேர் ஓடுகிறது. மணப்பாட்டுக் குகையில் மக்கள் கூடுகிறார்கள். அவர் 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்து சேர்ந்ததையும், அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்ததையும் மறைக்கல்வி வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் லிஸ்பனிலிருந்து கோவா வந்து சேர அவருக்குப் பதின்மூன்று மாதங்கள் ஆயின. அந்தப் பதின்மூன்று மாதங்களில் என்ன நடந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

அந்தப் பயணத்தின் வழியில் ஓர் ஊர் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், இன்றைய கென்யா நாட்டில் உள்ள மலிந்தி. அங்கு சவேரியார் தங்கியது சில நாள்களே. அங்கே யாருக்கும் திருமுழுக்கு அளித்ததாக அவர் எழுதவில்லை. ஒருவரை அடக்கம் செய்தார். ஒரு முஸ்லிம் பெரியவரோடு பேசினார். இந்த இரண்டு சிறிய நிகழ்ச்சிகளையே அவர் தம் கடிதத்தில் குறித்து வைத்தார். அவற்றில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கடற்கரை நகரம்

மலிந்தி, மொம்பாசாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், இந்துமாக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வெண்மணல் கரை, தென்னந்தோப்புகள், ஓட்டல்கள் என்று உலகெங்கும் இருந்து உல்லாசப் பயணிகளை ஈர்க்கும் நகரம். குறிப்பாக இத்தாலி நாட்டவர் இங்கு வீடு வாங்கித் தங்குவது வழக்கம். ஆகவே கடைத்தெருவில் சுவாஹிலி, ஆங்கிலம் ஆகியவற்றோடு இத்தாலிய மொழியும் கேட்கும். ஊருக்கு வடக்கே கடலுக்குள் இத்தாலியர் அமைத்த ஏவுதளத்திலிருந்து 1970 டிசம்பர் 12 அன்று ஒரு செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராய்வதற்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. அன்று கென்யாவின் விடுதலை நாள். ஆகவே அதற்கு 'உஹுரு', அதாவது 'விடுதலை', என்று பெயர் வைத்தார்கள்.

கரையை ஒட்டி 1968-இல் அமைக்கப்பட்ட கடல் பூங்காவில், கண்ணாடி பதித்த படகில் இருந்தபடியே பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் காணலாம். தெற்கே சிறிது தூரத்தில் அரபுக்கோ-சொகோக்கே காடும், அதன் ஓரத்தில் கெடி என்னும் பழைய நகரத்தின் இடிபாடுகளும் உள்ளன. பவளக் கல்லால் கட்டிய வீடுகள், அரண்மனை, பெரிய பள்ளிவாசல் எல்லாம் கூரையிழந்து மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. 2024-இல் யுனெஸ்கோ நிறுவனம் கெடியை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

மலிந்தி பல நூற்றாண்டுகளாகவே வணிக நகரம். அரேபியரும் குஜராத்தியரும் அங்கே வந்து போனார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே காலத்தில் சீனாவோடும் தொடர்பு இருந்தது. 1415-இல் மலிந்தியிலிருந்து சீனப் பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியைக் காணிக்கையாகக் கொண்டு சென்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலுவைத் தூணும் ஓலைக் கோவிலும்

1498 ஏப்ரல் மாதம், உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி, வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் மலிந்திக்கு வந்தன. மொம்பாசாவில் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. மொம்பாசாவோடு பகைமை கொண்டிருந்த மலிந்தி அரசரோ அவரை வரவேற்று, கடல் வழி தெரிந்த ஒரு மாலுமியையும் கொடுத்தனுப்பினார். அந்த மாலுமியின் உதவியால் மே 20-ஆம் நாள் கப்பல்கள் கோழிக்கோடு வந்தடைந்தன. இந்தியாவுக்கான கடல்வழி திறந்தது இவ்வாறுதான்.

அப்போது மலிந்தித் துறையில் இந்தியாவிலிருந்து வந்த கப்பல்கள் நின்றன. அதிலிருந்த வணிகர்களுக்குப் போர்த்துக்கீசியர் வியாகுல அன்னையின் பலிபீடப் படம் ஒன்றைக் காட்டினார்கள். வணிகர்கள் அதன் முன் விழுந்து வணங்கினார்கள். மிளகும் கிராம்பும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்த்த போர்த்துக்கீசியர், இவர்கள் கிறிஸ்தவர்களே என்று எண்ணி மகிழ்ந்தார்கள். அவர்கள் இந்து வணிகர்கள் என்பதே வரலாற்றாசிரியர்களின் கருத்து. தாயின் மடியில் கிடத்தப்பட்ட மகனைப் பார்த்தால், எந்தச் சமயத்தவருக்கும் கை கூப்பத் தோன்றும் அல்லவா?

அந்தப் பயணத்தின் நினைவாக எழுப்பப்பட்ட தூண் இன்றும் மலிந்தியில், கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையில் நிற்கிறது. வெள்ளையடித்த கூம்பு வடிவத் தூண். அதன் உச்சியில் லிஸ்பனிலிருந்து கொண்டுவந்த கல்லில் செதுக்கிய சிலுவை. சுற்றுலா செல்பவர்கள் தவறாமல் படம் எடுத்துக்கொள்ளும் இடம் இது.

அதிலிருந்து சற்றுத் தொலைவில் 'போர்த்துக்கீசியக் கோவில்' என்று அழைக்கப்படும் சிற்றாலயம் இருக்கிறது. கனத்த சுவர்கள், ஓலை வேய்ந்த கூரை, சுற்றிலும் சிறிய கல்லறைத் தோட்டம். நம் ஊர்க் கடற்கரையில் பழைய காலத்தில் இருந்த ஓலைக் கோவில்களை நினைவுபடுத்தும் தோற்றம். கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்றாக இதைக் கருதுகிறார்கள். சவேரியார் இங்குதான் இறந்தோரை அடக்கம் செய்தார் என்பது அவ்வூர் மரபு.

வேறு ஊர், வேறு மண், ஓர் அடக்கம்

1541 ஏப்ரல் 7. சவேரியாருக்கு அன்று 35 வயது நிறைந்தது. அன்றுதான் அவர் லிஸ்பனில் கப்பல் ஏறினார். ஆளுநராகப் பொறுப்பேற்கச் சென்ற மார்ட்டின் அஃபோன்சோ தெ சூசாவும் அதே கப்பலில் பயணம் செய்தார். காற்று ஒத்துவராததால் மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்க நேர்ந்தது. நோயுற்ற பயணிகளைச் சவேரியார் அங்கே கவனித்துக்கொண்டார். தாமும் நோயில் விழுந்தார். 1542-இன் தொடக்கத்தில், உடன் வந்த இரு தோழர்களையும் நோயாளிகளுக்காக அங்கேயே விட்டுவிட்டு, ஆளுநருடன் புறப்பட்டார். அந்த வழியில்தான் மலிந்தி.

கோவாவிலிருந்து 1542 செப்டம்பர் 20-ஆம் நாள் உரோமையில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் மலிந்தி வருகிறது. ஊர் அருகே போர்த்துக்கீசியர் நாட்டியிருந்த, பொன் பூசிய பெரிய கற்சிலுவையைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது என்கிறார். பிறகு, தம் கப்பலில் இறந்த ஒருவரை அங்கே அடக்கம் செய்ததைச் சொல்கிறார். நாம் இறந்தோரை அடக்கம் செய்யும் முறையைக் கண்டு அவ்வூர் முஸ்லிம்கள் நல்லெண்ணம் கொண்டார்கள் என்றும் எழுதுகிறார்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இறந்தவரின் பெயரைக் கடிதம் சொல்லவில்லை. கப்பலில் நோயால் இறப்பவர்களைக் கடலில் இறக்கிவிடுவது அக்காலத்தில் சாதாரணம். இவருக்கோ ஒரு பிடி மண் கிடைத்தது. அழுவதற்கு உறவு இல்லை. திருத்தந்தையின் தூதர் என்ற பட்டத்தோடு வந்த ஒரு குரு அவருக்காகச் செபித்தார். அதைத் தூரத்தில் நின்று பார்த்த மக்களுக்கு இலத்தீன் புரிந்திருக்காது. ஆனால் ஒரு மனிதனின் உடலுக்குக் காட்டிய மரியாதை புரிந்தது.

மலிந்தியில் சவேரியார் ஆற்றிய மறையுரை இதுதான். தோபித்து நூலின் முதல் அதிகாரத்தில், அந்நிய நாட்டில் வீசியெறியப்பட்ட தம் இனத்தாரின் உடல்களை உயிருக்கு அஞ்சாமல் அடக்கம் செய்த தோபித்தை நாம் சந்திக்கிறோம். இறந்தோரை அடக்கம் செய்வதைத் திருஅவை இரக்கச் செயல்களில் ஒன்றாக வைத்திருப்பது இதனால்தான். கைம்மாறு எதிர்பார்க்க முடியாத உதவி அது.

பதினேழு பள்ளிவாசல்கள்

அடுத்து நடந்தது ஓர் உரையாடல். மலிந்தியின் முக்கியமான முஸ்லிம் பெரியவர் ஒருவர் சவேரியாரிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். உங்கள் நாட்டில் மக்கள் ஆலயங்களுக்கு ஒழுங்காக வருகிறார்களா, பக்தியோடு செபிக்கிறார்களா என்பது அவர் கேள்வி. எங்கள் ஊரில் 17 பள்ளிவாசல்கள் இருக்கின்றன. மூன்றில் மட்டுமே தொழுகைக்கு ஆள் வருகிறது, அதுவும் சிலரே. ஏன் இப்படி ஆயிற்று என்று தெரியவில்லை, ஏதேனும் பெரிய பாவம் செய்தோமோ என்று அவர் வருந்தினார்.

சவேரியார் தந்த பதில் கடுமையானது. உண்மையான விசுவாசம் இல்லாதவர்களின் செபத்தைக் கடவுள் விரும்புவதில்லை, அதனால்தான் பக்தி குறைந்தது என்றார். பெரியவர் அதை ஏற்கவில்லை. இருவரும் கருத்து ஒன்றாமலே பிரிந்தார்கள்.

சவேரியார் தம் காலத்தின் மனிதர். அக்காலத்து இறையியல் கற்றுத் தந்ததை அவர் சொன்னார். 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, கிறிஸ்தவம் அல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கை, ஒரே கடவுளை வழிபடும் முஸ்லிம்களைத் திருஅவை மதிப்புடன் நோக்குகிறது என்று கற்பிக்கிறது. 2019 பிப்ரவரி 4-இல் அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிஸும் அல் அசார் தலைமை இமாமும் மனித உடன்பிறந்த நிலை பற்றிய ஏட்டில் கையெழுத்திட்டார்கள். இன்று சவேரியார் மலிந்திக்கு வந்தால், அந்தப் பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து அவரது வருத்தத்தை இன்னும் சற்று நேரம் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

ஏனென்றால் அது இன்று நம் வருத்தமும்கூட. சவேரியாரை அனுப்பிய ஐரோப்பாவில் இன்று எத்தனை ஆலயங்கள் பூட்டிக் கிடக்கின்றன! அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஞாயிறு திருப்பலிக்கு வராத நம் குடும்பங்களை விரல்விட்டு எண்ண முடியுமா? 'எங்கள் ஊரில் ஆள் வருவதில்லை, நாங்கள் எங்கே தவறினோம்' என்று மாற்றுச் சமயத்தார் முன் மனம் திறந்து கேட்கும் தாழ்ச்சி அந்தப் பெரியவருக்கு இருந்தது. நமக்கு இருக்கிறதா?

கோட்டையும் கல்லறையும்

1593-இல் போர்த்துக்கீசியர் மொம்பாசாவில் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அதற்கு 'இயேசு கோட்டை' என்று பெயர். பீரங்கிகள் வைத்த கோட்டைக்கு, வாளை உறையில் போடச் சொன்ன ஆண்டவரின் பெயர்! நண்பர்களாய் இருந்த மலிந்தி அரச குடும்பத்தையும் மொம்பாசாவுக்கே கொண்டுபோனார்கள். அத்தோடு மலிந்தியின் செழிப்பு மங்கியது.

நட்பும் நிலைக்கவில்லை. அரசர் ஹசன் போர்த்துக்கீசிய அதிகாரியோடு மோதல் கொண்டு ஓடிப்போனார், 1614-இல் கொல்லப்பட்டார். அவருடைய சிறுவயது மகன் யூசுப்பைக் கோவாவுக்கு அனுப்பி, அகுஸ்தினார் சபைத் துறவிகளிடம் வளர்த்தார்கள். ஜெரோனிமோ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்ற அவர், பின்னர் மொம்பாசா, மலிந்தி பகுதிகளின் அரசராகத் திரும்பினார். ஆனால் இரவில் தந்தையின் கல்லறைக்குச் சென்று முஸ்லிம் முறைப்படி செபிக்கிறார் என்ற செய்தி கோட்டைக்கு எட்டியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தம்மைக் கோவாவுக்கு இழுத்துச் செல்வார்கள் என்று அஞ்சிய அவர் முந்திக்கொண்டார். 1631 ஆகஸ்டு 16-ஆம் நாள் கோட்டைத் தலைவரைக் கொன்றார். தொடர்ந்த நாள்களில் விசுவாசத்தைக் கைவிட மறுத்த போர்த்துக்கீசியரும் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களும் கொல்லப்பட்டார்கள். மொம்பாசாவின் மறைச்சாட்சிகள் என்று அவர்களைத் திருஅவை நினைவுகூர்கிறது.

அவர்களின் இரத்தம் மாட்சிக்குரியது. அதே வேளையில் நாம் மறைக்கக் கூடாத உண்மையும் உண்டு. ஒரு சிறுவனின் தந்தையின் சாவில் பங்கு கொண்டவர்களே அவனுக்கு இயேசுவையும் கொடுத்தார்கள். 1542-இல் ஒரு கல்லறை மக்களின் மனத்தைத் திறந்தது. 1631-இல் ஒரு மகன் தன் தந்தையின் கல்லறையில் ஒளிந்து அழ வேண்டியிருந்தது. நற்செய்தி மலிந்திக் கரையில் வேர் பிடிக்காமல் போனதற்கு இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் விதைத்தவர்கள்

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1844-இல் ஜெர்மானியரான யோகான் லுட்விக் கிராப் என்னும் புராட்டஸ்டண்டு மறைப்பணியாளர் மொம்பாசாவுக்கு வந்தார். வந்த சில மாதங்களுக்குள் மனைவியும் பிறந்த குழந்தையும் காய்ச்சலில் இறந்தார்கள். அவர் ஊர் திரும்பவில்லை. சுவாஹிலி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார். கோட்டை கட்டாமல், இரண்டு கல்லறைகளோடு தொடங்கிய பணி அது.

கத்தோலிக்கத் தரப்பில் தூய ஆவி சபையினர் 1863-இல் சான்சிபாரிலும் 1868-இல் பாகமோயோவிலும் பணி தொடங்கி, அடிமைச் சந்தையிலிருந்து மீட்டவர்களுக்கு வீடும் கல்வியும் கொடுத்தார்கள். அக்காலத்தில் மலிந்தித் தோட்டங்களிலும் அடிமைகள்தான் உழைத்தார்கள். அக்கரையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1907-இல்தான். பிற்காலத்தில் மால்டா நாட்டுக் கப்புச்சின் துறவிகள் மலிந்திப் பகுதியில் உழைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஜூன் 2-இல் மலிந்தி தனி மறைமாவட்டம் ஆயிற்று. முதல் ஆயர் பிரான்சிஸ் பால்டக்கினோவும் மால்டா நாட்டுக் கப்புச்சின் துறவியே. பேராலயம் புனித அந்தோனியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உவரிக்கும் புளியம்பட்டிக்கும் போகும் நமக்கு இது கேட்க இனிமையான செய்தி.

ஷகஹோலாக் காடு

மலிந்தியைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 2023 ஏப்ரலில், மலிந்திக்கு உட்பகுதியில் உள்ள ஷகஹோலாக் காட்டில் குழிகள் தோண்டப்பட்டன. உணவின்றி இறந்தால் இயேசுவைக் காணலாம் என்று போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைப் பின்பற்றிச் சென்றவர்களின் உடல்கள் அவற்றில் கிடந்தன. 400-க்கும் மேற்பட்ட உடல்கள் எடுக்கப்பட்டன. பலர் சிறு குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்டவர் அதை மறுக்க, வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. மரபணுச் சோதனை செய்து, 2024 மார்ச் மாதத்தில்தான் முதல் உடல்களை மலிந்திப் பிணவறையிலிருந்து உறவினர்களிடம் ஒப்படைத்தார்கள். ஓராண்டு காத்திருந்து பெற்ற உடலைத் தாங்களே அடக்கம் செய்யக் கிடைத்ததே ஆறுதல் என்று அழுத தாய் தந்தையரை எண்ணிப் பாருங்கள்.

உல்லாசப் பயணிகளின் கடற்கரை ஒரு பக்கம். பட்டினியால் மடிந்த குழந்தைகளின் காடு இன்னொரு பக்கம். இடையில் சில மணி நேரப் பயணமே. இயேசுவின் பெயரைச் சொன்னால் மட்டும் அது நற்செய்தி ஆகிவிடாது. பசித்தவனுக்கு உணவு கொடுத்தீர்களா என்று கேட்கும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்து அரசர், பட்டினி கிடந்து சாகச் சொல்ல மாட்டார். இத்தகைய போதகர்கள் நம் ஊரிலும் வருவார்கள். தனிமையில் வாடும் வீட்டின் கதவைத்தான் அவர்கள் முதலில் தட்டுவார்கள். அந்த வீட்டுக்கு நம் அன்பியம் அதற்கு முன்பே போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நமக்கு என்ன?

நான் மலிந்திக்குப் போனதில்லை. ஆனால் பங்குத்தந்தையாகப் பல அடக்கங்களை நடத்தியிருக்கிறேன். பல ஆண்டுகளாகக் கோவில் பக்கம் வராதவர்களும், மாற்றுச் சமயத்து அண்டை வீட்டாரும் அன்று வந்து நிற்பார்கள். நம் மறையுரையை அவர்கள் மறந்துவிடலாம். இறந்தவர் ஏழையா பணக்காரரா என்று பார்க்காமல் நாம் எப்படி அனுப்பி வைத்தோம் என்பதை மறக்க மாட்டார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கு ஒரு சுவர் எழுப்பியிருக்கிறோமே, அதையும் அவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். பெயர் தெரியாத மாலுமிக்கு மலிந்தியில் கிடைத்த மரியாதை, நம் சொந்தச் சகோதரனுக்கு நம் ஊரில் கிடைக்காவிட்டால், சவேரியார் தேரை எந்த முகத்தோடு இழுப்போம்?

இந்தத் திருவிழாவுக்கு முன் மூன்று காரியங்கள் செய்வோம். நம் அன்பியத்தில், துக்கம் நடந்த ஒரு வீட்டுக்கு மாதம் முடிந்த பிறகும் போய்ப் பார்ப்போம். கோவிலுக்கு வராத ஒருவரிடம் குற்றம் சொல்லாமல் காரணம் கேட்போம். ஆதரவற்றோர் இறந்தால் அடக்கம் செய்யும் பொறுப்பைப் பங்குப் பேரவையில் யாரேனும் ஏற்போம்.

கடைசியாக ஒன்று. 1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனாவின் வாசலில் உள்ள சான்சியான் தீவில் சவேரியார் இறந்தார். அருகில் இருந்தவர் அந்தோணி என்ற சீனக் கிறிஸ்தவர். குளிர் கடுமையாக இருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்த கைகளை, அந்நிய மண்ணில், அந்தச் சிலர் சுண்ணாம்பு இட்டு மூடினார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் மலிந்தியில் பெயரற்ற ஒரு மனிதனுக்கு அவர் செய்த அன்பைக் கடவுள் மறக்கவில்லை. அவருக்கும் ஒரு கல்லறை தோண்ட, ஓர் அந்தோணியைக் கொடுத்தார்.

புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.